சிரங்கு பறந்தோடும் என்று எழுதியவன்

செவ்வாய்க்கிழமை எங்கள் சோப்பு தீர்ந்தது. கடைசிப் பெட்டி தக்கலைக் கடைக்குப் போயிற்று.

எந்தச் சோப்பு என்று கேட்பீர்கள். சொல்லாமல் இத்தனை வாரம் உங்களிடம் வேறு கதைகள் பேசிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது. இன்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையில் மாதர் சங்கம் ஒன்று உண்டு. அதன் தலைவி நேசம்மாள். கணவர் கொழும்பில் வேலைக்குப் போனவர், அங்கேயே இறந்துபோனார். அதற்குப் பிறகு தேங்காய் எண்ணெயில் சோப்புக் காய்ச்சக் கற்றுக்கொண்டு, இன்னும் பத்துப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தவர். நல்ல சோப்பு. ஆனால் யார் வாங்குவார்கள்? கடைகளில் வழவழப்பான காகிதம் சுற்றிய சீமைச் சோப்பு அடுக்கியிருக்கிறது. எங்கள் சோப்பு சாம்பல் நிறத்தில், செங்கல் துண்டு மாதிரி இருக்கும். சபைக் கட்டடத்தின் பின் அறை முழுக்கப் பெட்டி பெட்டியாகத் தேங்கிவிட்டது.

விற்பதற்கு மூன்று பேரை நியமித்தார்கள். காய்ச்சியவர் என்பதால் நேசம்மாள். வண்டியும் மாடும் தொண்டையும் உள்ளவன் என்பதால் அவர் தம்பி செல்லையா. மூன்றாவது நான். வாத்தியார், வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவன். நோட்டீஸ் எழுத வேண்டியது என் பொறுப்பு.

"நீங்க எழுதினா விக்கும் அண்ணாச்சி" என்றார் நேசம்மாள்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? ஒரு வாரம் தலை கனத்துத் திரிந்தேன்.

"என்ன எழுதணும்?" என்று கேட்டேன்.

"தேங்கா எண்ணெ சோப்பு. அழுக்கு போவும். அதுதான்."

அழுக்குப் போகும் என்பதற்கு ஒரு நோட்டீஸா? அதற்கு நான் எதற்கு? மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் எழுதினேன் — 'சொறி, சிரங்கு, கரப்பான் அனைத்தும் பறந்தோடும்! ஏழே நாளில் பட்டு மேனி! தாய்மார்களே, தயங்காதீர்!'

நேசம்மாள் வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார்.

"சிரங்கு போவும்னு யாரு சொன்னா?"

"விளம்பரம்னா அப்படித்தாம்மா. எல்லாரும் எழுதுகதுதான்."

"எல்லாரும் எழுதட்டும். நம்மளுக்கு வேண்டாம் அண்ணாச்சி. அந்த வரியை வெட்டிருங்க."

"சரி" என்றேன்.

வெட்டவில்லை.

நாகர்கோவில் பிரஸ்ஸுக்குப் போனேன். அச்சுக் கோக்கிறவர் அந்த வரியை உரக்கப் படித்துவிட்டு, "சாரே, இது பிரமாதம்!" என்றார். எந்த வரியை வெட்டச் சொன்னார்களோ அந்த வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லிவிட்டு வந்தேன். ஏன்? அந்த நோட்டீஸில் அது ஒன்றுதான் என்னுடைய வரி. மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

நேசம்மாள் அச்சான நோட்டீஸைப் பார்த்தபோது ஐநூறு ஒட்டியாயிற்று. அவர் என்னைப் பார்த்தார். நான் பிரஸ்காரர் மேல் பழியைப் போட்டேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சோப்பு பறந்தது. திங்கள்சந்தையில், இரணியலில், குளச்சலில் — செல்லையா வண்டியின் மேல் ஏறி நின்று என் வரியைக் கூவுவான். பெண்கள் நெருக்குவார்கள். நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இந்தச் சோப்பை விற்பது யார்? காய்ச்சியவளா, கூவுகிறவனா? நான்தான் — என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஆறாவது வாரம் மணவாளக்குறிச்சிக்குப் போனோம். அன்று நேசம்மாளும் வந்திருந்தார். கரிமணல் கிடக்கும் பாதையோரம் வண்டியை நிறுத்தியிருந்தோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். தங்கம்மை என்று பெயர். வலை இழுக்கிறவரின் மனைவி. இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. கையில் நாலாய் மடித்த என் நோட்டீஸ்.

குழந்தையின் தலை முழுக்கச் சிரங்கு. இடது காதின் பின்னால் முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. சீழ் வாடை.

தங்கம்மை சண்டைக்கு வரவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். அவள் கேட்டது இது:

"ஏழு நாளும் தேய்ச்சேன் அண்ணே. ஒரு நாளும் விடல்ல. இன்னும் எத்தனை கட்டி தேய்ச்சா போவும்?"

செல்லையா என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

வாசகர்களே, எனக்கு எதற்கும் வார்த்தை கிடைக்கும் என்று ஒரு பெயர் உண்டு. அன்றைக்கு நான் செல்லையாவின் பின்னால் நகர்ந்து நின்றேன்.

நேசம்மாள்தான் குழந்தையை வாங்கினார். நெற்றியில் கை வைத்தார். "தீயா கொதிக்குது. எப்போ இருந்து காய்ச்சல்?"

"வியாழக்கிழமை இருந்து. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அவரு சொன்னாரு. நான்தான் இதுல ஏழு நாள்னு போட்டிருக்கே, ரெண்டு நாளுதானே பாக்கி, முடிச்சுட்டுப் போலாம்னேன்."

"இங்க பாருங்கம்மா" என்றார் நேசம்மாள். "இந்தச் சோப்பு அழுக்குதான் போக்கும். சிரங்குக்கு இது மருந்தில்ல. தப்பு எங்களோடதுதான்."

எங்களோடது என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. விரலை என் பக்கம் நீட்டவில்லை. நீட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

செல்லையா பேசிக்கொண்டு நிற்கவில்லை. பெட்டிகளைப் பாதையிலேயே இறக்கிவைத்தான். வைக்கோலைப் பரப்பினான். "ஏறுங்க அக்கா" என்று தங்கம்மையிடம் சொன்னான். மாட்டை நெய்யூர் ஆஸ்பத்திரிப் பாதையில் திருப்பினான். வழியெல்லாம் நேசம்மாள் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, "மக்கா, கண்ணைத் திற மக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நான் வண்டியின் பின்னால் நடந்தேன். வேறென்ன செய்ய?

டாக்டர் அன்று மாலையே காதின் பின்னால் கீறிச் சீழை எடுத்தார். "மூணு நாளைக்கு முன்ன கொண்டு வந்திருந்தா இவ்வளவு வந்திருக்காது" என்று தங்கம்மையிடம் சொன்னார். அவள் தலை குனிந்து நின்றாள். அந்த மூன்று நாள் என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

உயிர் தங்குமா என்பதே ஒரு வாரம் தெரியவில்லை. நேசம்மாள் தாயோடு ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். செல்லையா காலையும் மாலையும் கஞ்சி கொண்டுவந்தான். நான் வராந்தாவில் நின்றேன். மூன்றாம் நாள் நேசம்மாளிடம் போய், "வெட்டச் சொன்ன வரியை நான்தான் வெட்டல்ல. பிரஸ்காரர் இல்ல" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி."

"நான் இப்போ என்ன செய்யணும்?"

யோசிக்கவே இல்லை. "எங்கெல்லாம் ஒட்டினீங்களோ அங்கெல்லாம் போய்க் கிழிங்க."

கிழித்தேன். சுவர் சுவராக, கடை கடையாக, நகம் பிய்யக் கிழித்தேன். ஆனால் வீட்டுக்குள் போன நோட்டீஸ்? மடித்து அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிற தாய்மார்கள்?

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. திங்கள்சந்தையில், செல்லையா நின்ற அதே வண்டியின் மேல் நான் ஏறினேன். வகுப்பறைக்கு வெளியே நாலு பேர் முன்னால் பேசியறியாதவன் நான்.

"இந்தச் சோப்பு சிரங்கைப் போக்காது. போக்கும்னு நான் எழுதினது பொய். பிள்ளைகளுக்குச் சிரங்கு இருந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

சிலர் சிரித்தார்கள். வெற்றிலை விற்கிறவர் ஒருவர் கேட்டார்: "பொய்யின்னு தெரிஞ்சு எதுக்கு வே எழுதினீரு?"

நல்ல கேள்வி. "எழுத்து நல்லா இருந்துது. அதுனால எழுதினேன்" என்றேன். அதைவிட வெட்கக்கேடான ஒரு பதிலை என் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை. அதைவிட உண்மையான பதிலையும் சொன்னதில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையோடு, தயங்கித் தயங்கி வந்தாள். குழந்தையின் விரலிடுக்கெல்லாம் புண். "நெய்யூருக்கு எந்தப் பாதை சாரே?" என்றாள். காட்டினேன்.

எட்டுச் சந்தைகளில் அதையே பேசினேன். அதன் பிறகு புது நோட்டீஸ் போட்டோம். நேசம்மாள் சொல்லச் சொல்ல எழுதினேன். 'தேங்காய் எண்ணெய்ச் சோப்பு. அழுக்குப் போகும். சிரங்குக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவும்.' ஒரு சொல் கூட்டவில்லை. விற்பனை ஊர்ந்தது. இரண்டு மாதத்தில் முடிய வேண்டியது ஐந்து மாதம் இழுத்தது. ஆனால் வாங்கியவர்கள் திரும்ப வந்து வாங்கினார்கள். துணி வெளுக்கிறவர்கள் பெட்டியாக எடுத்தார்கள்.

வேலை முடிந்ததும் சங்கத்தில் ஒரு வழக்கம் — அவரவர் செய்ததை அவரவரே சங்கப் புத்தகத்தில் எழுத வேண்டும். செல்லையா 'வண்டி ஓட்டினேன், கூவினேன்' என்று எழுதினான். நேசம்மாள் 'காய்ச்சினேன்' என்று மட்டும் எழுதினார். அந்தக் குழந்தையின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். என் பலம் எழுத்து. யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் இந்த ஐந்து மாதத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியங்கள் எவை? எழுதியதைக் கிழித்தது. எழுதியது பொய் என்று சொன்னது. இன்னொருத்தி சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டது. இந்த மூன்றிலும் நான் கெட்டிக்காரன் இல்லை. கெட்டிக்காரனாக இருந்த இடத்தில்தான் ஒரு குழந்தை படுத்துக் கிடந்தது. ஒருவனுடைய பலம் எது என்று மற்றவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதற்குக் காவல் யார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு நேசம்மாள் காவலாக வந்தார். நான் 'சரி' என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போனேன்.

புத்தகத்தில் எழுதினேன்: 'வெட்டச் சொன்ன வரியை வெட்டாமல் விட்டேன்.'

நேற்று, சனிக்கிழமை, மணவாளக்குறிச்சிக்குப் போனேன். குழந்தை பிழைத்துக்கொண்டாள். பெயர் மரியபுஷ்பம். தலையில் முடி முளைத்திருக்கிறது. வாசலில் கிளிஞ்சல்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "மக்கா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

தங்கம்மை உள்ளேயிருந்து சொன்னாள், எந்தக் கோபமும் இல்லாமல், வழி சொல்வது போல:

"அந்தக் காது கேக்காது சாரே. இந்தப் பக்கம் வந்து கூப்பிடுங்க."

எழுந்து, சுற்றி, அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.