கணினியின் கடவுச்சொல் என்னிடம் இருந்தது

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கணினிதான். ஈப்போவின் சிலிபின் பகுதியில் இரண்டு அறை வீடு என்பதால் அதை வரவேற்பறைச் சுவரோரம் மேசை போட்டு வைத்திருக்கிறோம். என் மனைவிக்காக வாங்கியது அது. அவள் தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பில் உதவியாளராக இருக்கிறாள். டிப்ளோமா இல்லாதவர்களை அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ள முடியாது என்று கடிதம் வந்ததும், சனிக்கிழமைகளில் இணையம் வழியாகப் படிக்கத் தொடங்கினாள். மற்ற நாட்களில் பிள்ளைகள் பள்ளிப்பாடத்துக்குப் பயன்படுத்தினார்கள். மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்குப் பத்து. பாடம் என்று சொல்லி உட்காருவார்கள். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும்.

விளையாடுவதில் எனக்குக் கோபமில்லை. எங்கெங்கிருந்தோ எதையெதையோ இறக்கிப் போடுவதுதான் தொல்லை. ஒவ்வொரு விளையாட்டும் கூடவே நாலு விளம்பரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஒரு சனிக்கிழமை மனைவி வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது திரையில் ஓர் அரக்கன் குதித்துக் கத்தினான். அதோடு கணினி நின்றுபோனது. அவள் மறுபடி உள்ளே போவதற்குள் அவளுடைய முறை முடிந்துவிட்டது. விரிவுரையாளர் திட்டவில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். ஐந்து வாரத்தில் வாய்மொழித் தேர்வு, அதுவும் இணையம் வழியாகத்தான். தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான் மறுபடி வாய்ப்பு. அதற்குள் வேலை போய்விடும்.

"நான் படிக்கிறதா, இதுங்களக் காவல் காக்கிறதா? நீங்களே ஒரு வழி பண்ணுங்க" என்றாள்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. திட்டவும் வராது. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். ஈப்போவுக்கு வெளியே ஒரு பளிங்குக்கல் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறேன். கீழே இறங்கும்போது சாவியை எடுத்துக்கொண்டுதான் இறங்குவேன். சாவி இல்லாமல் எவனாலும் கல்லைத் தூக்க முடியாது. அதே மாதிரி, திங்கட்கிழமை காலை கணினியின் மௌசைக் கழற்றிச் சோற்றுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பிற்பகலில் மனைவி போன் செய்தாள்.

"மௌச காணோங்க. வகுப்பு வேலைய அனுப்பணும்."

"எங்கிட்டதான் இருக்கு."

"உங்ககிட்ட எங்க?"

"சோத்துப் பைக்குள்ள."

"பசங்களுக்கு மௌசே வேணாம்லா. கீபோர்டுலயே தட்டி விளையாடிக்கிட்டு இருக்குங்க. எனக்குத்தான் அது வேணும்" என்றாள்.

அந்த வாரமே கணினியைத் தூக்கிக்கொண்டு வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுச் சீனர். மலாயில் பேசுவார், தமிழில் 'அண்ணே' மட்டும் சுத்தமாகச் சொல்வார்.

"அண்ணே, உங்க வீட்டுல யாரு போஸ், யாரு முதலாளி?" என்று கேட்டார்.

"என் மனைவி."

சிரித்துவிட்டார். "கம்ப்யூட்டருக்கு ஒரு போஸ் வேணும். மத்தவங்க பாக்கலாம், எழுதலாம், ஆனா புதுசா எதையும் உள்ள போட முடியாது. போடணும்னா போஸோட பாஸ்வர்டைக் கேக்கும். அந்த போஸ் நீங்களா இருங்க."

மனைவியும் அதற்கு ஒப்புக்கொண்டாள். தன்னிடம் கடவுச்சொல் இருந்தால் மகன் இரண்டு முறை சிணுங்கியதும் கொடுத்துவிடுவாளாம். கடவுச்சொல் என்னிடம் வந்தது. முதல் முறை கிரேன் சாவியைக் கையில் வாங்கிய நாள் போல நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வாரத்தில் கணினி மறுபடி முனகத் தொடங்கியது. திரையில் புதிய விளையாட்டுகளின் படங்கள் முளைத்திருந்தன. நான் ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறவன். பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்து மனப்பாடம் செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன். அடுத்த முறை பள்ளிப்பாடத்துக்கு என்று கூப்பிட்டபோது கையின்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு தட்டினேன்.

"என்னப்பா, பேங்குல காசு எடுக்குறீங்களா?" என்றான் மகன்.

அப்படியும் அந்த வாரக் கடைசியில் இன்னொரு விளையாட்டு வந்து உட்கார்ந்திருந்தது. தேர்வுக்கு இன்னும் பத்து நாள். மனைவி சாப்பிடும்போதும் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பட்டியலைத் திறந்தார். எதை எந்த நாளில் உள்ளே போட்டார்கள் என்று அதில் வரிசையாக இருந்தது.

"இது போன சனிக்கிழமை வந்திருக்கு அண்ணே. அன்னைக்கு பாஸ்வர்டு போட்டது யாரு?"

நான்தான். மகன் கூப்பிட்டான். செகோலா, அதாவது பள்ளிக்கூட வேலைக்கு ஒன்று வேண்டும், பாஸ்வர்டு கேட்கிறது என்றான். போய்த் தட்டிவிட்டு வந்தேன். அதற்கு முந்தைய நாட்களையும் சொன்னார். எல்லா நாளும் நான்தான்.

"கேக்கும்போதே திரையில வர்ற பெட்டியில கேமோட பேரு இருக்குமே. படிக்கலையா?"

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நிற்கிறது. தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன். ஆங்கில எழுத்துகள் தெரியும். கூட்டிச் சொல்லவும் வரும், பொருள்தான் வராது. படிவம் எதுவாக இருந்தாலும் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டே இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன். பிள்ளைகளிடம் இதைச் சொன்னதே இல்லை. அந்தப் பெட்டி வந்து நின்றால், அவர்கள் என்னை ஏதாவது கேட்பதற்குள் தட்டிவிட்டு எழுந்துவிடுவேன். சாவியை யாரும் திருடவில்லை. ஒவ்வொரு தடவையும் நானே திறந்துவிட்டிருக்கிறேன்.

"எனக்கு இங்கிலீஷ் வராது தவுக்கே" என்றேன் கடை முதலாளியிடம். வாய்விட்டு அதை ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் முறை.

அவர் சிரிக்கவில்லை. "தமிழ்?"

"தமிழ் நல்லா படிப்பேன். தினம் பேப்பர் படிக்கிறேன்."

"முன்னாடியே சொல்லக்கூடாதா? தமிழ்லயும் இருக்கு அண்ணே."

ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றினார். மாற்றிய பிறகு அவருக்கே எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நான் ஒவ்வொன்றாகப் படித்து மலாயில் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே அடுத்ததை அழுத்தினார். அந்தக் கடையில் அன்று படிக்கத் தெரிந்தவன் நான்தான்.

வீட்டில் மகள் திரையைப் பார்த்து அலறினாள். "ஐயோ அப்பா! ரீசைக்கிள் பின் மறுசுழற்சித் தொட்டியாம்! என் கூட்டாளிங்க பாத்தா செத்தேன்!" மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குத் தமிழ் ஒரு தடையே இல்லை.

மூன்றாம் நாள் மகன் கூப்பிட்டான். பெட்டி வந்து நின்றிருந்தது. இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று கேட்டிருந்தது. அதன் கீழே வெளியிட்டவர் யார் என்ற இடத்தில் 'தெரியாதவர்' என்று இருந்தது. எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன்.

"யாருடா இந்தத் தெரியாதவரு?"

"கேம் கம்பெனிப்பா."

"கம்பெனிக்குப் பேரு கிடையாதா? பேரு சொல்லாம ஒருத்தன் வந்து கதவத் தட்டுனா உள்ள விடுவியா?"

"இது சும்மா கேம்தானேப்பா."

"செகோலா வேலைன்னுதானே கூப்பிட்ட?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பின்னாலிருந்து மகள் சொன்னாள்: "எப்பவும் அப்படித்தான் சொல்லுவான். நீங்க படிக்க மாட்டீங்கன்னு அவனுக்குத் தெரியும்பா."

"நீ மட்டும் என்னவாம்? உன் கேக் கடை கேமு எப்படி வந்துச்சு?" என்று அவன் பாய்ந்தான்.

இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. நான் எவ்வளவோ மறைத்தும் தெரிந்திருக்கிறது. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. இனிமே இது தமிழ்ல கேக்கும், நான் படிப்பேன். படிச்சுப் பாத்து எனக்குச் சரின்னு பட்டாத்தான் பாஸ்வர்டு" என்றேன். 'இல்லை' என்பதை அழுத்தினேன். பிறகு மூவரும் உட்கார்ந்து, இருந்த விளையாட்டுகளை எல்லாம் நீக்கினோம். மகள் பெயரைப் படித்தாள், நான் அழுத்தினேன், மகன் ஒவ்வொன்றுக்கும் பெருமூச்சு விட்டான்.

தேர்வு நாள் காலை மனைவி புடவை கட்டிக்கொண்டு கணினிமுன் உட்கார்ந்தாள். நானும் பிள்ளைகளும் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். தொடங்கிச் சில நிமிடத்தில் அவள் குரல் கேட்டது. "ஏங்க, கொஞ்சம் வாங்க."

நான் கைலியில் இருந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். திரையில் இரண்டு தேர்வாளர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய ஒரு செயலியைப் போட்டால்தான் அவள் தயாரித்த பாடத்தைக் காட்ட முடியுமாம். அதற்காகப் பெட்டி வந்து நின்றிருந்தது.

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கை ஓடாது. பழைய பழக்கத்தில் விரல் தட்டப் போய்விட்டது. நிறுத்திக்கொண்டேன். முதல் வரியிலிருந்து படித்தேன். வெளியிட்டவர் பெயர் இருந்தது. ஆங்கிலப் பெயர்தான். எழுத்துக் கூட்டி மனைவியிடம் சொன்னேன்.

"அவங்க சொன்னது இதுதானா?"

"இதேதான்."

ஒரு விரலால் தட்டினேன். துண்டு போர்த்தவில்லை. தேர்வாளர் அம்மா மலாயில், அவசரமில்லை, மெதுவாகவே செய்யுங்கள் என்றார். 'ஆம்' என்பதை அழுத்தினேன். பாடம் திரையில் விரிந்தது. கதவைச் சாத்தும்போது மனைவி அவர்களிடம் மலாயில் சொல்வது கேட்டது:

"என் வீட்டுக்காரர். இந்தக் கம்ப்யூட்டருக்கு அவர்தான் பொறுப்பு."

அடுப்படியில் மகன் என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். பேசாதே என்று விரலைக் காட்டிவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கேள்விக்கும் அவள் தடுமாறவில்லை. தேறிவிட்டாள், வேலையும் நிலைத்தது.