மறியல் முனியப்பன்

மலையடிவாரத்து அணைப் பூங்காவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் தனசேகரனிடம்தான் வழி கேட்பார்கள். அருவிக்கு எப்படிப் போவது, வெள்ளிமலைக்குக் கடைசி பஸ் எப்போது, தியாகதுருகம் கோட்டை மேல் ஏறினால் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அவனும் கையில் பூவாளியோடு நின்றபடி மளமளவென்று சொல்லுவான். பெரியார் அருவி ரோட்டை ஒட்டியே விழும், பயமில்லை. மேகம் அருவிக்கு நடக்க வேண்டும், பாறை வழுக்கும், குழந்தைகளைக் கையை விடாதீர்கள். கேட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இதில் ஓர் இடத்தைக்கூட அவன் பார்த்ததில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்த வழிகள் அவை.

பார்க்க அவனுக்கு எங்கே நேரம்? தோட்டக்காரன் அவன், காவல்காரன் அவன், சீட்டுக் கிழிக்கிறவனும் அவன். ஊரெல்லாம் ஓய்வாக இருக்கிற ஞாயிற்றுக்கிழமையும் பொங்கலும்தான் அவனுக்கு முதுகொடிகிற நாள். தினக்கூலி வேலை. ஒரு நாள் வரவில்லையென்றால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருவன் பூவாளியோடு நிற்பான். பூங்காவுக்குள்ளேயே தகரக் கூரை போட்ட ஓர் அறை. பகலில் வெக்கை, இரவில் கொசு. அவனும் மனைவி சின்னப்பொண்ணும் அங்கேதான் குடியிருந்தார்கள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. சாயங்காலம் கேட்டைப் பூட்டும்போதெல்லாம் அவனுக்கு ஒரு மூச்சு முட்டும். எல்லாரும் வெளியே போய்விட்டார்கள், நான் மட்டும் உள்ளே என்று தோன்றும். ரோஜாப் பாத்தியும் ஊஞ்சலும் சறுக்கு மரமும் பார்க்கிறவர்களுக்குத்தான் பூங்கா. அவனுக்கு அது வேலி போட்ட ஓர் இடம், அவ்வளவுதான்.

அவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. வேலை நிரந்தரமாகி எங்காவது மாற்றலாகிப் போக வேண்டும். கடலூர்ப் பக்கம் கடலைப் பார்த்த மாதிரி ஒரு பூங்கா இருக்கிறது, குடியிருக்க ஓட்டு வீடும் தருகிறார்கள் என்று பொறியாளர் தீனதயாளன் ஒரு முறை பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவனுக்குக் கடல் பித்து. பார்த்தேயிராத கடலைப் பற்றிச் சின்னப்பொண்ணிடம் அளந்துகொண்டிருப்பான். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "மொதல்ல கள்ளக்குறிச்சிக்குப் போயி ஒரு சினிமா காட்டு, அப்புறம் கடலைக் காட்டலாம்" என்பாள்.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறக்கிற சமயத்தில் சாதிச் சங்கத்துக்காரர்கள் ஒரு வாரச் சாலை மறியல் அறிவித்தார்கள். படிப்பிலும் வேலையிலும் தங்களுக்குத் தனி இட ஒதுக்கீடு வேண்டும் என்பது கோரிக்கை. தனசேகரனும் அந்தச் சாதிக்காரன்தான். கோரிக்கை நியாயம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. தினக்கூலியின் கஷ்டம் அவனை விட யாருக்குத் தெரியும்? ஆனால் மறியல் என்றால் ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்ப்பது என்று ஆனபோது அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். பூங்கா வாசலில், ரோட்டை ஒட்டி, ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நின்றது. அது சாய்ந்தால் மலைக்குப் போகிற ஒரே ரோடும் அடைபட்டுவிடும்.

மறியலுக்கு முந்தின நாள் மத்தியானம் அவனுடைய மச்சான் ராமசாமி, சின்னப்பொண்ணின் தம்பி, நாலைந்து பேரோடு வந்தான்.

"மாமா, நாளைக்குக் காத்தால வரோம். வாசல்ல நிக்குதே, அந்த மரந்தான். ஒங்க ரூம்புல பெரிய ரம்பம் இருக்குதில்ல, எடுத்து வெச்சிருங்க."

"மச்சான், இது கவருமெண்டு மரம்டா. நான் காவல் இருக்கிற எடம். எம் பொழப்புல மண்ணு வுழும்."

"கவருமெண்டு மரத்தத்தான் மாமா வெட்டணும். நம்ம மரத்த வெட்டுனா கவருமெண்டுக்கு வலிக்குமா? நாளைக்கு ஒங்களுக்கு ஒரு புள்ள பொறந்தா அதுக்கும் சேத்துத்தான் இந்தப் போராட்டம்."

பிள்ளை என்ற சொல் விழுந்ததும் சின்னப்பொண்ணு உள்ளே போய்விட்டாள். ராமசாமி நாக்கைக் கடித்துக்கொண்டான். போகும்போது, "ரம்பத்துக்கு எண்ணெ போட்டு வைங்க" என்று மட்டும் சொன்னான்.

ரம்பத்தைக் கொடுத்தால் அரசாங்கத்துக்குத் துரோகி. கொடுக்காவிட்டால் ஊருக்குத் துரோகி. மரம் சாய்ந்தால் தீனதயாளன் முதலில் கேட்பது, நீ எங்கே போயிருந்தாய் என்பதுதான். அப்புறம் நிரந்தரமும் இல்லை, கடலும் இல்லை. மரத்தின் மேல் அவனுக்குப் பெரிய பாசம் என்றெல்லாம் சொல்ல முடியாது. தினமும் அதன் சருகைக் கூட்டிக் கூட்டி அவனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. தான் வெளியேறுகிற வழி அந்த மரத்தடியில் இருக்கிறது என்று பயந்தான், அவ்வளவுதான்.

விடிகிற நேரத்தில் எழுந்தான். சின்னப்பொண்ணு இன்னும் எழவில்லை. அவளுடைய குங்குமச் சிமிழையும் அஞ்சறைப் பெட்டியிலிருந்த மஞ்சள் தூளையும் எடுத்துக்கொண்டான். கொடியில் பழைய மஞ்சள் துணி ஒன்று கிடந்தது, அதையும் உருவினான். பூப்பாத்தி ஓரத்தில் நட்டிருந்த கற்களில் மூன்றைப் பிடுங்கி மரத்தடியில் நிறுத்தி, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தான். துணியை மரத்தைச் சுற்றிக் கட்டப் பார்த்தான், எட்டவில்லை. தாழ்ந்த கிளையில் முடிந்து தொங்கவிட்டான். இன்னும் ஏதோ குறைந்தது. மண்ணைக் கிளறுகிற மூன்று பல் இரும்பு முள்ளை அறையிலிருந்து கொண்டுவந்து, காம்பைத் தரையில் அடித்து இறக்கி, பற்கள் வானத்தைப் பார்க்க நட்டு, நடுப் பல்லில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் குத்தினான். தள்ளி நின்று பார்த்தபோது அவனுக்கே லேசாக உடம்பு சிலிர்த்தது.

கோடாலிகளோடு கூட்டம் வந்தது. கற்களைப் பார்த்ததும் முன்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"இன்னா மாமா இது? நேத்து இல்லியே?" என்றான் ராமசாமி.

தனசேகரன் வாயைத் திறந்தான். சொல்வதற்கென்று அவன் ஜோடித்து வைத்திருந்த கதை ஒன்றும் வெளியே வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. கூட்டத்தில் வயதில் மூத்த பிச்சைமுத்து, தோளில் கோடாலியோடு நின்றவர், திடீரென்று நடுங்க ஆரம்பித்தார். கோடாலி கீழே விழுந்தது. தலை சுழன்றது. "ஏண்டா, என்னியே வெட்ட வந்தீங்களாடா? மலைக்குப் போறவனுக்கெல்லாம் காவலு நான். எம்மேலயே கைய வெக்கறீங்களா?" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே தரையில் விழுந்து புரண்டார்.

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது, சத்தம் கேட்டு ஓடி வந்த சின்னப்பொண்ணும்தான். ராமசாமி தரையில் விழுந்தே கும்பிட்டான். யாரோ ஓடிப்போய்க் கற்பூரம் வாங்கி வந்தார்கள். பிச்சைமுத்து எப்போதும் யாரோடும் அதிகம் பேசாத மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். தனசேகரன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். நல்லவேளை என்று நினைப்பதா, ஐயோ என்று நினைப்பதா என்று தெரியவில்லை. அவர்கள் போய்ப் பாலத்தருகே நின்ற புளியமரத்தை வெட்டி ரோட்டில் போட்டார்கள்.

அந்த வாரம் பஸ் இல்லை, ஜீப் இல்லை. வடக்கே துப்பாக்கிச் சூடு என்று ரேடியோவில் சொன்னார்கள். ராமசாமி ஊரில் இருக்கிறானா, போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதா என்பதுகூடத் தெரியவில்லை. பூங்காவில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். முதல் நாள் மாலை அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனான். அவள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு மரத்தடியில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிட்டான்.

மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போனவன் நின்றுவிட்டான். அவன் கட்டிய பழந்துணியைக் காணோம். அதே கிளையில் புத்தம்புது மஞ்சள் துணி தொங்கியது. ரோடுதான் அடைத்துக் கிடக்கிறது, வெளியாள் யாரும் வரவில்லை. பின்னே எப்படி? அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, தான் நட்ட கல்லைத் தானே விழுந்து கும்பிட்டான். அப்புறம் எங்கே சொல்வது?

மறியல் முடிந்து ரோடு திறந்ததும் தீனதயாளன் வந்தார். அரசாங்க இடத்தில் என்ன கோயில் என்று கேட்கத்தான் வந்திருப்பார். ராமசாமியும் ஊர்க்காரர்களும் சுற்றி நின்று நடந்ததைச் சொன்னார்கள். அவர் முகம் மாறியது. ஷூவைக் கழற்றினார். "தனசேகரா, விபூதி எடுப்பா" என்றார். பூசாரியாக அவன் நீட்டிய முதல் விபூதி அது. கிளம்பும்போது மட்டும் அவர் அந்த மூன்று பல் முள்ளை உற்றுப் பார்த்தார். "இது நம்ம பூங்கா முள்ளு மாதிரி இருக்குதே?" என்றார். "அப்படித்தாங்க இருக்குது சார்" என்றான் அவன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. புது முள் ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பினார்.

சாமிக்கு மறியல் முனியப்பன் என்று பெயர் விழுந்துவிட்டது. மலையேறுகிற ஜீப்பெல்லாம் அங்கே நின்று எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் ஏறும். வெள்ளிக்கிழமைகளில் கோழி, சுருட்டு, பொங்கல். அருவி பார்க்க வருகிறவர்கள் முனியப்பனையும் பார்க்க வேண்டிய இடமாகச் சேர்த்துக்கொண்டார்கள். முன்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவனுக்கு முதுகு ஒடியும். இப்போது வெள்ளிக்கிழமையும் சேர்ந்துகொண்டது.

சின்னப்பொண்ணு தாழ்ந்த கிளையில் துணித்தொட்டில் கட்டி வேண்டிக்கொண்டாள். அடுத்த வருஷமே பெண் பிறந்தது. மலர்விழி என்று பெயர் வைக்க வேண்டும் என்று தனசேகரனுக்கு ஆசை. முனியம்மா என்று வைத்தாள் அவள். அந்தக் குழந்தையைக் கையில் வாங்கிய நாள் அவன் அழுதான். சந்தோஷம்தான். சந்தோஷத்துக்கு அடியில், இனி வாயைத் திறக்கவே முடியாது என்ற பயமும் இருந்தது.

எண்பத்தொன்பதில் சங்கத்துக்காரர்கள் கேட்ட ஒதுக்கீடு வந்தது. ராமசாமி ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தான். குழந்தை நடக்கப் பழகிய பிறகு தனசேகரனுக்கும் உத்தரவு வந்தது. நிரந்தர வேலை, கடலூர், ஓட்டு வீடு. கலவரத்தில் மரத்தைக் காப்பாற்றியவன் என்று தீனதயாளன்தான் எழுதி அனுப்பியிருந்தார். தனசேகரனுக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தையைத் தூக்கிச் சுற்றினான். "கடலு பாக்கப் போறம்டி முனியம்மா" என்றான்.

"நீ போயிட்டு வா" என்றாள் சின்னப்பொண்ணு.

"நீ?"

"சாமிய யாரு பாத்துக்கறது? அவரு குடுத்த புள்ளையத் தூக்கிக்கினு அவரையே வுட்டுட்டு ஓடறதா? நான் வரல."

கெஞ்சினான், கோபப்பட்டான், ஒரு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தான். ராமசாமியைத் தூது அனுப்பினால் அவனும் அக்காள் பக்கமே சாய்ந்துகொண்டு, "ஒங்களுக்குப் பூசாரி வேல குடுத்தது முனியப்பன், மாமா. அத வுட்டுப் போனா குடும்பத்துக்கு ஆவுமா?" என்றான். வேலையில் சேர வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டே வந்தது. அவர்களை விட்டுவிட்டுத் தனியாகப் போவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இனி ஒரே ஒரு கதவுதான் பாக்கி. அதையும் திறந்துவிடுவது என்று ஒரு மத்தியானம் மரத்தடிக்குப் போனான். அவள் கற்களுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். குழந்தை தொட்டிலில் தூங்கியது.

"சின்னப்பொண்ணு, ஒண்ணு சொல்றேன், அடிச்சாலும் அடி. இது சாமியில்ல. கல்ல நட்டது நான். பொட்டு வெச்சதும் நான். ஒஞ்சிமிழுதான். மரம் போனா எம் வேல போயிடும்னு பயந்துக்கினு செஞ்சது."

அவள் கையை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"நீ கட்டுன மஞ்சத்துணி என் உள்பாவாடைய்யா. நாடா கோக்கற மடிப்பு கூட அப்பிடியே தொங்கிக்கினு இருந்துச்சி. பிச்சைமுத்து மாமா கீழ வுழுந்து பொரண்டதால யாரும் மேல பாக்கல. நான் பாத்தேன். சாமி தலைமேல பாவாடையா தொங்கறதுன்னு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சி எனக்கு. சாயங்காலமே அவுத்துட்டு, பொட்டியில வெச்சிருந்த புதுத்துணியக் கட்டுனேன்."

தனசேகரன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருஷமும் அந்தப் புதுத் துணியை நினைத்துத்தான் அவன் பயந்து பயந்து கும்பிட்டது.

"தெரிஞ்சிக்கினுமா கும்புட்ட?"

"எந்தச் சாமிய யாரு நட்டாங்கன்னு கேட்டுக்கினா நாம கும்புடறோம்? நட்டது நீதான். வேண்டுனது நானு, குடுத்தது அவரு." அவள் மஞ்சள் கையால் தொட்டிலை ஓர் ஆட்டு ஆட்டினாள். "எழுந்திரு. கேட்டுல யாரோ நிக்கறாங்க பாரு."

பொய் அவனைக் கட்டிப்போட்டிருக்கிறது, உண்மையைச் சொன்னால் கட்டு அவிழ்ந்துவிடும் என்று இத்தனை நாளாக நம்பியிருந்தான். உண்மையும் சொல்லியாயிற்று. கட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. கோபம்கூட வரவில்லை. யார் மேல் கோபப்படுவது? தொட்டிலில் குழந்தை புரண்டு படுத்து, தூக்கத்திலேயே அவன் பக்கம் கையை நீட்டியது. அந்த விரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தான்.

கேட்டில் ஒரு குடும்பம் நின்றது. கடலூரிலிருந்து வருகிறோம் என்றார்கள். அருவிக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார்கள். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தனசேகரன் மலைப்பக்கம் கைகாட்டி வழி சொல்ல ஆரம்பித்தான்.