முன்சீட்டைக் கழற்றிய கார்

கிணற்றுமேடு சரிந்து அப்பா உள்ளே விழுந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. உயிர் பிழைத்துவிட்டார். இடுப்பெலும்புதான் நொறுங்கிப்போனது. எல்லைக்கு மலையாளப் பக்கமாக வடகரப்பதியில் இருந்த எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோகப் பார்த்தோம். வாய்க்கால் பாலம் தாண்டுவதற்குள் வலியில் அவர் போட்ட சத்தத்துக்கு மாடுகள் மிரண்டு நின்றுவிட்டன. திரும்பி வந்தோம். அதன்பிறகு அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. நாட்டு வைத்தியர் வந்து கட்டுப் போட்டார். எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டது.

எங்கள் நிலக்கடலையை வாங்கும் ராவுத்தர் ஒருவர் கொழிஞ்சாம்பாறையில் இருந்தார். அவருடைய கிடங்குக்குப் பின்னால் ஒரு பழைய கார் கற்களின்மேல் நின்றிருந்தது. உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏனுங்க, இது ஓடுமுங்களா?"

"எஞ்சின் இறுகிப் போச்சும்மா. ஒடச்சு இரும்புக்குப் போடலாம்னு இருக்கேன்."

"எங்களுக்குக் குடுத்துருங்க."

கறவை எருமை ஒன்றைக் கொடுத்துவிட்டு அதை வாங்கினாள். தேய்ந்த டயர்களை மாட்டி, மாடு பூட்டி இழுத்து வந்தோம். வாசலில் அது நின்றதைப் பார்த்த அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ராவுத்தரின் லாரி டிரைவர் வந்து எஞ்சினைத் திறந்து காட்டினார். மீதியை நானும் அம்மாவும்தான் செய்தோம். நான் கழற்றிக் கொடுப்பதையெல்லாம் அவள் முறத்தில் வரிசை குலையாமல் வைப்பாள். திரும்பப் பூட்டும்போது என் கை அவசரப்பட்டால் தடுப்பாள்.

"அது இதுக்கு அக்கட்டாலெ இருந்துச்சு கண்ணு. பாத்து வையி."

பிஸ்டன்தான் அசையவேயில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, தினமும் விடிந்ததும் எஞ்சினைச் சுற்றும் கைப்பிடியை இருவரும் சேர்ந்து அழுத்துவோம். அழுத்தி அழுத்தி உள்ளங்கை காய்த்ததுதான் மிச்சம். ஒருநாள் காலை அது நகக்கண் அளவு நகர்ந்தது.

"அசஞ்சுதுங்கம்மா!"

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி ஓடத் தொடங்கியதும் முன்சீட்டுகளில் ஒன்றைக் கழற்றச் சொன்னாள். அந்த இடத்திலிருந்து பின்சீட்டு வரை பலகை போட்டு, இலவம்பஞ்சு மெத்தை விரித்தாள். அப்பா காலை நீட்டிப் படுக்க அது போதும். ராவுத்தரின் டிரைவரிடமே ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கினேன்.

கிளம்பும் நாளில் அப்பா வர மறுத்தார்.

"பொணத்தத் தூக்கறாப்பல தூக்கி வெக்கறதுக்கு, காரு எதுக்கு?"

"நான் இன்னும் தாலியக் கழட்டலீங்க," என்றாள் அம்மா. "பொணம்னு சொல்லாதீங்க."

அப்பா தலையைத் திருப்பி வாசலில் நின்ற காரைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பையன் நெசமாலுமே ஓட்டுவானா?"

ஊர்ந்து ஊர்ந்துதான் ஓட்டினேன். குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் பின்னால் அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. ஆனால் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு கோணலாகக் கூடி நாளாகிவிட்டது, இனி நடப்பதற்கில்லை என்றார். முதலிலேயே கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் எல்லையில் எங்கள் வண்டியை நிறுத்தினார்கள். மாநிலம் பிரிந்த பிறகு அங்கே அரிசிக் கடத்தலுக்குச் சோதனை இருந்தது. செக்போஸ்டில் மலையாளக் காவலர் குனிந்து பார்த்தார்.

"உள்ள எந்தா? அரியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே போர்வையை விலக்கினார்.

"அரிசியில்லீங்க. ஆளுதானுங்க. ஆளுக்கும் பெர்மிட்டு வேணுமுங்களா?"

சூம்பிக்கிடந்த கால்களைப் பார்த்த காவலர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். குறுக்குக் கம்பம் மேலே போனது. கொஞ்சதூரம் வந்ததும் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. விழுந்ததிலிருந்து அப்பா சிரித்து நான் கேட்டதில்லை. அம்மாவும் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாகி, நிற்காமல் அழுதாள்.

"நிறுத்தட்டுங்களாப்பா?"

"வேண்டாம், போ. தோட்டத்து வழியாப் போ."

கடலைக்காட்டு ஓரத்தில் நிறுத்தினேன். அம்மா அவர் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே காட்டைக் கடைசி வரப்பு வரை பார்த்தார்.

"களை மண்டிக் கெடக்குது," என்றார். "நாளைக்கே ஆளு உடோணும்."