பத்துக்கு நாலு அடித்தவர்கள்

அப்பாவுக்கு வேலை போன வருஷம் நான் சான் ரமோனில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு நாட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விசா சட்டம். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா பகலிலும் வீட்டில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். எனக்கு அதில் மகா சந்தோஷம்.

அந்தச் சமயம் பார்த்து டீச்சர் ஒரு பிராஜெக்ட் கொடுத்தார். தொழில்முறை பேஸ்பால் தொடங்கிய காலத்து சீசன் ஒன்றின் ஆட்டக்காரர் பட்டியல். யார் எத்தனை முறை மட்டை பிடித்தார், எத்தனை முறை சரியாக அடித்தார் என்று அதில் இருக்கும். வகுத்துச் சராசரி கண்டுபிடித்து, முதல் பத்துப் பேரைப் படத்தோடு அட்டையில் ஒட்ட வேண்டும். எல்லோரும் முறுக்கு மீசையோடு ஊர்ப் போலீஸ் ஏட்டு மாதிரி இருந்தார்கள்.

அப்பா கல்லூரி டீமில் கிரிக்கெட் ஆடியவர். அவருக்குச் சராசரி என்றால் ஐம்பது, அறுபது. முதலிடத்துக்காரருக்கு நான் பாயின்ட் நாலு என்று எழுதியதைப் பார்த்து, "என்னம்மா இது, ஒரு ரன்கூட தேறலயா இவனுக்கு?" என்றார்.

"நோ அப்பா, ஹி இஸ் த பெஸ்ட். ஃபோர் ஹிட்ஸ் அவுட் ஆஃப் டென்."

"அப்ப ஆறு தடவ அவுட்டு. அதுக்கே ஃபர்ஸ்ட்டா?" அப்பா சிரித்தார். பல வாரம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார். "எனக்குப் பத்துல ஒண்ணு மாட்டினா போதும்மா."

கணக்குப் போட அவருடைய போனைக் கொடுத்துவிட்டு, துணியை டிரையரில் போட லாண்டரி ரூமுக்கு இறங்கிப் போனார். ஐந்தாவது ஆளை வகுக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். தெரியாத நம்பர் வந்தால் கட் பண்ணிவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அப்பாதான். சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை என்று பேர் வாங்கியவள் நான். கட் செய்தேன். மறுபடி வந்தது, மறுபடியும் செய்தேன். மூன்றாம் முறையும்.

மேலே வந்த அப்பா போனைப் பார்த்தார். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பத் திரும்ப நம்பரை அழுத்திப் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்தவரிடம் அம்மா, "யாருங்க?" என்றாள்.

"ஸ்பாம்."

என் அட்டைக்கு ஸ்டார் கிடைத்தது. வகுப்புச் சுவரில் அது இருக்கும்போதே நாங்கள் கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டோம். அப்பாவுக்கு அதன்பிறகு அப்படியொரு வேலை அமையவே இல்லை.

அப்போது அப்பாவை இன்டர்வியூ செய்திருந்த கம்பெனியை அம்மா இன்றும் திட்டுவாள். "இந்த வாரம் கூப்பிடறோம்னு சொன்னாங்க. ஒரு கால் வரலயே. மனுஷங்களா அவங்க?" அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். இதுவரை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று பால்கனியிலிருந்து வந்த அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்தவன் யாரும்மா?" என்றார். மூன்று ஸ்பாம் கால்களைத் தனியாகச் சமாளித்திருக்கிறேன், ஒரு குட் கேர்ள்கூடச் சொல்லவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.