புல்வெட்டும் வண்டியின் சாவி

பெட்ரோலோடு அரைபட்ட புல்லும் மணக்கிறது. புல்வெட்டும் வண்டியின் அடியில் கைவிடுமுன் சாவியை எடுக்கிறேன், என்ஜின் தவறியும் ஓடாதபடி பிளக் ஒயரைக் கழற்றுகிறேன்.

திருவிடந்தையில், என் ஏழு வயதில், கடற்கரை விடுதியின் வண்டியை அப்பா பழுதுபார்க்க வீட்டுக்கு ஓட்டி வந்தார். பாதுகாப்பு சுவிட்ச் கெட்டதால் ஒயர்களை நேராக இணைத்திருந்தார்; சாவியைத் திருப்பினாலே பிளேடு சுற்றும். பிளேடில் சிக்கிய மீன்வலை நூலை வண்டிக்கு அடியில் படுத்து அறுத்துக்கொண்டிருந்தார். நான் மேலே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்: "டிரைவரம்மா, எங்க போறே? என்னையும் ஏத்திக்கினு போ!"

சாவியைத் திருப்பினேன். பிளேடு சுற்றியது. அக்கா அலறியதும் அணைத்தேன்.

அப்பா எழுந்து, கண்களை மூடிக்கொண்டு வலது கையை நீட்டினார்.

"விரல எண்ணு கண்ணு. எல்லாம் கீதா?"

"அஞ்சுப்பா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு தபா எண்ணு."