பன்னிரண்டாம் நம்பர் காலி

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் நான் மேனேஜர். பி.ஏ., பி.எட். படித்துவிட்டுச் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்த காலம். பனவடலிசத்திரத்தில் பெண் பார்க்கப் போனோம். காப்பி கொண்டுவந்த பெண், "லாட்ஜுல ஆளே வராட்டா நீங்க என்ன செய்வீக?" என்று கேட்டாள். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அங்கேயே விழுந்துவிட்டேன். அவள் அப்பாதான் முட்டுக்கட்டை. "ஊர்சுத்துதவனுக்குப் பாய் விரிக்கவனுக்குப் பிள்ளயக் குடுக்க முடியாது. வாத்தியார்னா பாக்கலாம்" என்றுவிட்டார்.

நேரம் கூடிவந்தது. ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் பேறுகால லீவில் போக, அவர் திரும்பும்வரை ஏழாம் வகுப்பு எனக்கு. லாட்ஜுக்கு ஒரு கும்பிடு போட்டு, வாத்தியாராகிவிட்டேன் என்று பெண் வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன். தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கட்டும், டீச்சர் மட்டும் நிதானமாக வரட்டும் என்று கோமதியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

லாட்ஜை நான் விட்டாலும் வாய் விடவில்லை. பீரியட் மணி அடித்தால் "இதோ வாரேன்" என்று வராந்தாவுக்கு ஓடுவேன். பையன்களுக்கு என்னைவிட நல்ல பொழுதுபோக்கு ஊரிலேயே கிடையாது.

ஒருநாள் காலை, ஆஜர் விசாரித்தபடி ஹெட்மாஸ்டர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஒருவன் மட்டும் வரவில்லை.

"பன்னெண்டாம் நம்பர் காலி சார்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "எப்பம் வே?"

"நேத்தே போயிட்டான் சார். வீட்டுல எல்லாரும் குருவிகுளத்துலதான் இருக்காவ."

மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போனார். அறையைப் பற்றிச் சொல்கிறவன்போல, ஊருக்குப் போன பையனைப் பற்றிச் சொல்லிவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. சற்று நேரத்தில் நீளமாக மணி அடித்தது. பள்ளிக்கூடமே மைதானத்தில் தலைகுனிந்து நின்றது. யாருக்கு என்று தெரியாமல் நானும் குனிந்தேன். பெரிய வகுப்புப் பெண்கள் தேம்பினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கேட்டைத் திறந்துகொண்டு பன்னிரண்டாம் நம்பர் வந்தான். பஸ்ஸைத் தவறவிட்டானாம். பின்னாலேயே, மாப்பிள்ளை பாடம் நடத்துவதைப் பார்க்க வந்த பெண்ணின் அப்பா. அத்தனை பேர் நிற்பதைக் கண்ட பையன், தானும் போய் வரிசையில் தலைகுனிந்து நின்றான். ஹெட்மாஸ்டர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெண்ணின் அப்பாவிடம் ஓடி, அவர் கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு, "வாங்க அண்ணாச்சி, எத்தன நாள் தங்கல்?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "அத நான்லா உம்மகிட்ட கேக்கணும். நீரு இங்கன எத்தன நாளு வே?"

பொய் சொல்லியிருக்கலாம். லாட்ஜில் இருந்தபோது தண்ணீர் வராத குழாயைக் காட்டி, இப்போது வந்துவிடும் என்று தினமும் சொன்னவன்தான். அன்றைக்கு என்னவோ வாய் வரவில்லை.

"டீச்சர் பெத்துப் பொழச்சு வாற வரைக்கும்" என்றேன்.

பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கேட் வரை போனவர் நின்று, "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு 'சார்' எனக்குப் போதும் என்று பிற்பாடு பலரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். போதவில்லை. எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது.