சூளையின் குளிர்ந்த மூலை

சாடி உடையவில்லை.

மெரியானா அதைத் தலைக்கு மேல் தூக்கி, நாடகத்தின் கடைசி வசனத்தைச் சொல்லி, முழு பலத்தோடு பலகைத் தரையில் எறிந்தாள். அது ஒரு முறை குதித்தது. பிறகு சாவகாசமாக உருண்டு, முன்வரிசைக்கு எதிரே நின்றிருந்த இயக்குநர் ரேவியின் காலடியில் போய் விழுந்தது. அப்போதும் உடையவில்லை.

ஒத்திகை பார்க்க வந்திருந்த நாடகச் சங்கத்து ஆட்கள் சிரித்தார்கள். விளக்குப் பலகையின் பின்னால் இருந்த நானும் சிரித்தேன். சாடியைச் செய்த நோலீன் பிரிடோ மட்டும் மேடையோரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உன் கல்யாணத்துக்குப் பண்ணின சாடியா இது? பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் வரும் போலிருக்கே!" என்றார் ரேவி அவரிடம்.

"அடுத்ததை எடு," என்றார் நோலீன்.

அடுத்ததும் உடையவில்லை. விளிம்பில் ஒரு சில்லு மட்டும் பெயர்ந்தது.

ஒரு விதவை, கணவன் வீட்டுச் சாடியை உடைத்துவிட்டு வாசலைத் தாண்டிப் போவதோடு நாடகம் முடிகிறது. சாடி உடையாவிட்டால் அவள் போகவில்லை என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை முதல் காட்சி, ஞாயிற்றுக்கிழமை கடைசி. சங்கத்துச் செயலாளர் பிளாஸ்டிக் சாடி வாங்கி வந்து, உடையும் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டுவிடலாம் என்றார். நோலீன் காருக்குப் போனார்.

அவர் இதே ஊரில், மோட்டுவேக்காவில், பிறந்தவர். அப்பா புகையிலை பயிரிட்டார். பள்ளத்தாக்கு முழுவதும் குயவர்கள் குடியேறிய எழுபதுகளில் ஒருவரிடம் சக்கரம் கற்றுக்கொண்டார். கணவர் டெஸ்ஸும் அவரும் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் செங்கல் சூளை கட்டினார்கள். வெளிநாட்டுப் பாத்திரங்கள் மலிவாக வந்திறங்கிய பிறகு சாலையோரத்துக் கடையில் கார்கள் நிற்பது குறைந்தது. அந்தச் சமயத்தில்தான் யாரோ ஒரு நாடகத்துக்குக் கணப்பு அடுப்பு செய்து கேட்டார்கள். அடுப்போடு அறையையும் அவரே யோசித்துக் கொடுத்தார். பிறகு தலைநகர் வெல்லிங்டனில் பல வருடங்கள் மேடை அமைத்தார். முழங்கால் தேய்ந்ததும் ஊருக்குத் திரும்பி வந்தார்.

பெரிய கலைஞர் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய கோப்பைகளின் கைப்பிடி எப்போதும் ஒரு பங்கு கூடுதல் கனம். மேடையில் அவர் போடும் கதவுகள் மட்டும் உண்மையாகச் சாத்தும். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் எப்படிச் செய்கிறார் என்று யோசித்திருக்கிறேன். ஒன்றில் பொருள் தன்னைச் செய்தவரைவிட அதிக நாள் இருக்க வேண்டும். மற்றதில் கடைசிக் காட்சி முடிந்த கையோடு ஆணிகளைப் பிடுங்கிவிடுவார்கள். இரண்டுக்கும் அவர் ஒரே அளவு சிரமப்பட்டார். அதனால்தானோ என்னவோ, எப்போதும் களைப்பாகவே இருந்தார்.

மறுநாள் காலை நான் போனபோது சூளையின் வாயில் உட்கார்ந்திருந்தார். டெஸ் பக்கத்தில் நின்றார்.

"பின்னாடி மூலை," என்றார். "புகைபோக்கிக்குப் பக்கத்துல. கட்டின நாள்லேர்ந்து அந்த மூலை சூடேறாது. அங்க வச்சதெல்லாம் பாதி வெந்துதான் வரும். எத்தனை தடவ செங்கல்லைப் பிரிச்சு மாத்தி வச்சிருக்கோம், கேளு இவர."

"கேக்க வேண்டாம். முதுகு சொல்லும்," என்றார் டெஸ்.

"சாடி பாதி வெந்தாப் போதும், சட்டுனு உடையும்னு அங்கதான் வச்சேன். தனியா சுட விறகு எதுக்கு வீணாக்கணும்? இந்தத் தடவ பாத்து அந்த மூலை வெந்திருக்கு. கல்லு மாதிரி."

"நல்ல காஞ்ச பைன் விறகு. நான்தான் போட்டேன். பாராட்டக் கூடாதா?"

"வாய மூடு, டெஸ்."

சூளையின் குறையை நம்பி ஒருவர் வேலை செய்ததும், குறை அவரைக் கைவிட்டதும் எனக்குச் சிரிப்பாக இல்லை. நாமும் அநேகமாக அப்படித்தான் வாழ்கிறோம்.

வெயில் கடுமை, வெளியே நெருப்பு மூட்டத் தடை வந்துவிட்டது. இனி விறகுச் சூளை கிடையாது. கொட்டகையில் சின்ன மின்சாரச் சூளை ஒன்று இருந்தது. ஆனால் ஈர மண்ணை அதில் வைத்தால் வெடித்துவிடும். அன்றே வனைந்து, வெள்ளிக்கு முன் காயவைத்துச் சுட வேண்டும். நோலீனின் கட்டைவிரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. கைகளை வெந்நீரில் வைத்து எடுத்து, சக்கரத்தில் உட்கார்ந்தார். சாடியின் சுவர் மெலிதாக எழுந்தது. ஒன்று சரிந்தது. திட்டிவிட்டு மறுபடி மண்ணை எடுத்தார்.

காயவைக்க, வீட்டில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியைக் காலி செய்தார். துணி உலர்த்தும் தட்டுகளில் சாடிகள் ஏறின.

"நோலீன், என் பனியன்லாம் எங்க?"

"சோபா மேல."

"ஈரமா இருக்கு."

"சாடியும்தான் ஈரமா இருக்கு. அது வாயத் திறக்குதா?"

வியாழக்கிழமை குறைந்த சூட்டில் சுட்டார். இரண்டு விரிசல் விட்டன. மீதியை விரலால் தட்டிப் பார்த்தார். ஒன்றையாவது எறிந்து பார்க்கச் சொன்னேன்.

"எறிஞ்சா ஞாயித்துக்கிழமைக்கு இருக்காது," என்றார்.

வெள்ளிக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. செயலாளர் பக்கத்திரைக்குப் பின்னால் பிளாஸ்டிக் சாடியோடு நின்றார். ஒலிபெருக்கிக்கும் ஏற்பாடு செய்திருந்தார். நோலீன் அவரைப் பார்க்கவே இல்லை. கடைசிக் காட்சியில் சாடியை மெரியானாவின் கையில் கொடுக்கும்போது, "சும்மா போடு. ரொம்ப பலம் வேண்டாம்," என்று மட்டும் சொன்னார்.

மெரியானா வசனத்தைச் சொன்னாள். எறிந்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. வறண்ட, சின்னச் சத்தம். சாடி ஒரேயடியாக நூறு துண்டுகளாகப் போயிற்று. அரங்கில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். மெரியானா துண்டுகளைத் தாண்டி வாசல் வழியே போனாள். நான் விளக்கை அணைத்தேன்.

திரை விழுந்ததும் ரேவி ஓடி வந்து நோலீனைக் கட்டிக்கொண்டார். அவர் தன்னை விடுவித்துக்கொண்டு துடைப்பத்தைத் தேடினார். மெரியானா வெறுங்காலோடு வணக்கம் சொல்ல வர வேண்டும். வேகமாகப் பெருக்கினார். அடிப்பக்கத்துச் சில்லு ஒன்றை மட்டும் எடுத்து, உடைந்த விளிம்பை விளக்கில் பார்த்தார்.

"அடி இன்னும் கனமாத்தான் இருக்கு," என்றார்.

"அடுத்த வருஷம் சரி பண்ணிடலாம்," என்றார் ரேவி.

"அடுத்த வருஷம் வேற ஆளப் பாரு."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன."

"போன வருஷம் பொய் சொன்னேன்."

ரேவி சிரிப்பதற்காக வாயைத் திறந்தார். நோலீனின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். வெளியே கைதட்டல் கேட்டது. வடிவமைத்தவரையும் மேடைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். நோலீன் முறத்தில் இருந்த துண்டுகளை வாளியில் கொட்டினார். பிறகு மேடைப் படியில் மெல்ல உட்கார்ந்து, டெஸ் காரைக் கொண்டுவந்துவிட்டாரா பார் என்று என்னிடம் சொன்னார்.